தாய்மாமன் மாட்டிய நைட்ரஸ்

மதுரைப் பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டைக்குள் நுழைந்து, பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியைத் தாண்டித் திரும்பினால் ஒரு தகர ஷெட் வரும். அங்கே அழகுபாண்டி கார்களுக்கு கேஸ் மாட்டிக்கொண்டிருப்பான். பெட்ரோலில் ஓடுகிற காரை அவனிடம் விட்டால், டிக்கியில் ஒரு சிலிண்டரை வைத்து, அடிவயிற்றில் குழாய் இழுத்து, கேஸில் ஓடுகிற காராகத் திருப்பித் தருவான். வேறு வேலை அவனுக்குத் தெரியாது. தெரியும் என்று அவன் சொன்னதும் கிடையாது. ஒரே ஒரு தடவை சொன்னான்.

ஆள் கொட்டாம்பட்டிப் பக்கம். அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்த மொக்கையனுக்குக் கடைசிப் பிள்ளை. மொக்கையனுக்குப் பிறந்தது நிறைய, தங்கியது இரண்டு. மூத்தது பாண்டியம்மாள். அவளை வெளியே எங்கும் கொடுக்கவில்லை. மொக்கையன் கூடப்பிறந்த தங்கை மகன் கருப்புக்கே கட்டி வைத்தார்கள். ஆக, கருப்பு அழகுபாண்டிக்கு அத்தை மகனாகவும் மச்சான், அக்கா புருசனாகவும் மச்சான். இரண்டு முடிச்சு போட்ட உறவு. அது அறுந்தது மாட்டுத்தாவணியில்.

கருப்பு வீட்டுமனை புரோக்கர். மனை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போக ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். மச்சினன் ஆசையாக கேஸ் மாட்டிக் கொடுத்தான். அப்புறம் கருப்பின் தம்பி மகனுக்குக் கல்யாணம் வந்தது. தாலியும் கூறைச்சேலையும் வைத்த தட்டு கருப்பு காரில் போனது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு எதிரே, பூ லாரிகளுக்கு நடுவில், கார் நின்றுவிட்டது. கேஸ் தீர்ந்திருந்தது. பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால், கேஸ் இருக்கிற தைரியத்தில் கருப்பு பெட்ரோலே போடுவதில்லை. தாலித் தட்டு ஷேர் ஆட்டோவில் போனது. கூட இரண்டு மூட்டை சம்பங்கியும் அதன் சொந்தக்காரரும் போனார்கள். முகூர்த்தம் ஒன்றும் தவறவில்லை. ஆனால் மண்டப வாசலில், சம்பந்திமார் வரிசையாக நின்றுகொண்டிருக்க, ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "தாலியெல்லாம் எறங்குங்க, பூவு மட்டும் உள்ள இரு" என்று சத்தம் போட்டார்.

கருப்பு பெட்ரோல் போடாததைப் பற்றி யாரும் பேசவில்லை. கேஸ் மாட்டினவனைப் பற்றித்தான் பேசினார்கள். அன்று முதல் கருப்பு மச்சினனோடு பேச்சை நிறுத்தினார். அவன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் "கேஸ்காரன்" என்றார்.

இப்படி இரண்டு வருசம் போனது. பிறகு கருப்பின் மகன் சிவபாண்டிக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் பவதாரிணி, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எல்லாம் கூடி வந்தது. தாய்மாமன்தான் சிக்கல். அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு முதல் மாலையைத் தாய்மாமன் போட வேண்டும். அது விழுந்த பிறகுதான் மாப்பிள்ளை மணவறைக்கு நடக்கலாம். கருப்பு மேலூரில் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார். பாண்டியம்மாளுக்குப் பெரியம்மா மகன். ஒன்றுவிட்ட மாமன் போட்டாலும் மாலை மாலைதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அழகுபாண்டிக்கு ஒரே அக்கா, அக்காவுக்கு ஒரே மகன். இந்த மாலையைப் போடாவிட்டால் அவனுக்குப் போட வேறு கழுத்து கிடையாது. ஷெட்டில் ஸ்பேனர்களைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டு திரிந்தான். முகத்தில் கிரீஸ் அப்பியிருப்பது, வாடிக்கைக்காரர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

அந்தச் சமயத்தில் சிவபாண்டி தன்னுடைய பழைய காரை ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். பின்சீட்டில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் நீலக் கலரில் ஒரு சிலிண்டர்.

"மாமா, கோயம்புத்தூர்ப் பக்கம் கார் ரேசுக்குப் பேரு குடுத்துருக்கேன். மைதானத்துல நேர் ரோடு போட்டிருக்காங்க. அதுல ஓடணும், அம்புட்டுதான். இத மாட்டித் தாங்க."

"என்ன மாப்ள இது?"

"நைட்ரஸ் மாமா. கேஸு."

"எம்புட்டு மைலேஜ் குடுக்கும்?"

"மைலேஜெல்லாம் குடுக்காது. வேகம் குடுக்கும். பட்டன அமுக்குனா கொஞ்ச நேரம் பிச்சிக்கிட்டுப் போகும்."

"கொஞ்ச நேரத்துக்கா இம்புட்டுப் பெரிய சிலிண்டரு?"

"ஆஸ்பத்திரியில மயக்கத்துக்குக் குடுப்பாங்கள்ல, அந்த கேஸ்தான் மாமா. பவதாரிணி சொல்லுச்சு. வண்டிக்கு வர்றதுல மட்டும் எவனும் மோந்து பாக்கக் கூடாதுன்னு நாத்தம் கலந்து விடுவாங்களாம்."

அழகுபாண்டி சிலிண்டரைத் தட்டிப் பார்த்தான். "இதுக்குன்னு பெங்களூர்ல ஆளு இருப்பாங்களே மாப்ள. அங்க போகலாம்ல?"

"போகலாம். ஆனா நீங்க மாட்டி, வண்டி பறந்துச்சுன்னு வையிங்க, அப்பாவ உக்கார வச்சு ஒரு ரவுண்டு போவேன். எங்க மாமா மாட்டுனதுன்னு சொல்லுவேன். அதுக்கு மேல அவரு மேலூருக்கு எப்படிப் போவாரு? இந்த வேல உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றான் அழகுபாண்டி.

பெட்டியைப் பிரித்துப் பரப்பினான். கூடவே இங்கிலீசில் ஒரு தாள் வந்திருந்தது. அதில் படங்களை மட்டும் பார்த்தான். சிலிண்டர் டிக்கிக்குப் போகிறது, குழாய் அடியில் போகிறது, எஞ்சின் பக்கம் ஒரு வால்வு, காற்று போகிற குழாயில் ஒரு மூக்கு, டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச். எல்லாம் அவன் காலமெல்லாம் செய்த வேலைதான். மனசு லேசாகிவிட்டது. பேருக்குத்தான் நைட்ரஸ் என்று நினைத்தான்.

சிலிண்டரைச் சூடாக்க ஒரு மின்சாரப் போர்வை கொடுத்திருந்தார்கள். குளிர் நாட்டில் தேவைப்படும் போல. சித்திரை வெயிலில் ஷெட்டுத் தகரம் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அழகுபாண்டி போர்வையைத் தூக்கி அலமாரி மேலே போட்டுவிட்டு, ஒரு கோணிச் சாக்கை நனைத்துச் சிலிண்டருக்குச் சுற்றினான்.

ஆக, டிக்கியில் துளை போட்டுச் சிலிண்டரை இறுக்கினான். நீல வால்வை மாட்டினான். நீலக் குழாயை இழுத்தான். மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. கடைசியில் பெட்டிக்குள் ஒரு சிவப்பு வால்வும் ஒரு சிவப்புக் குழாயும் மிச்சம் இருந்தன. மூக்குத்தி அளவில், நடுவில் துளை போட்ட சின்னச் சின்னப் பித்தளைத் திருகுகளும் சோடி சோடியாக வந்திருந்தன. நீலம் கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ள சிவப்பு, ஒரு திருகு தொலைந்தால் இன்னொன்று என்று அவன் எடுத்துக்கொண்டான். நல்ல கம்பெனிதான், தாராளமாகக் கொடுத்திருக்கிறான் என்று சொல்லி, எல்லாவற்றையும் போர்வை மேலேயே தூக்கிப் போட்டான்.

பிறகு, கம்பெனிக்காரன் மறந்துவிட்ட ஒரு வேலையை அவனே சேர்த்துச் செய்தான். கேஸ் மாட்டுகிறவனுக்கு முதல் பாடம், கேஸ் உள்ளே வந்தால் பெட்ரோல் நிற்க வேண்டும் என்பது. இரண்டும் சேர்ந்து போனால் எஞ்சின் புகை கக்கும், மூச்சு முட்டும். அதற்கென்று ஒரு ரிலே உண்டு. ஸ்விட்சைப் போட்டதும் அது பெட்ரோலை அடைத்துவிடும். இந்தப் பெட்டியில் அது இல்லை. அழகுபாண்டி தன் கையிருப்பிலிருந்து ஒரு ரிலேயை எடுத்து, வயர் இழுத்து, வெளியே தெரியாமல் டேப் சுற்றினான். அவன் செய்ததிலேயே சுத்தமான வேலை அது.

ஓட்டிப் பார்க்க இடம் வேண்டும். பொது ரோட்டில் இதை ஓட்டக் கூடாது, போலீஸ் பிடிக்கும். கொட்டாம்பட்டிக்கு முன்னால் கருப்பு விற்கிற மனை நிலத்தில் நீளமாக ஒரு தார் ரோடு கிடந்தது. முகப்பில் வளைவு கட்டி ஏதோ ஒரு நகர் என்று பெயரும் எழுதியிருந்தார்கள். உள்ளே மனைக்கல் தவிர ஒன்றும் இல்லை. சங்கிலிப் பூட்டுச் சாவி சிவபாண்டியிடம் இருந்தது. அப்பா வேலையாக மதுரைக்குப் போயிருக்கிறார், வர மாட்டார் என்றான்.

அவர் வந்துவிட்டார். ஹாலாஸ்யம் என்று ஒரு ஓய்வுபெற்ற ஆபீசரையும் அவர் சம்சாரம் ஸ்யாமளாவையும் மனை காட்டக் கூட்டி வந்திருந்தார். ரோட்டின் நடுப்பக்கத்தில் வேப்பங்கன்று நட்ட இடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். "டவுன் மாதிரி இல்ல சார். சத்தம்னு ஒன்னு இங்க கேக்கவே கேக்காது" என்று கருப்பு சொல்லிக்கொண்டிருந்தார்.

ரோட்டின் அந்தக் கடைசியில் கார் கிளம்பிவிட்டது. சிவபாண்டி மிதித்தான். பக்கத்தில் அழகுபாண்டி. தூரத்தில் மூன்று பேர் நிற்பதைப் பார்த்தபோது சிவபாண்டியின் விரல் பட்டனை அமுக்கிவிட்டது.

டமார் என்று ஒரு வெடி. அதோடு எஞ்சின் நின்றுபோனது. கார் வந்த வேகத்தில் சத்தமே இல்லாமல் உருண்டது. கருப்புக்கும் ஆபீசருக்கும் முன்னால், டயர் மட்டும் தாரில் சரசரக்க, மெதுவாகக் கடந்து போனது. அழகுபாண்டி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோவில் தேர் கடப்பதைப் பார்ப்பது போல மூன்று பேரும் கழுத்தைத் திருப்பினார்கள்.

"எலக்ட்ரிக் காரா?" என்று கேட்டார் ஸ்யாமளா.

கருப்பு கார் நின்ற இடத்துக்கு நடந்து வந்தார். அவர்களும் பின்னால் வந்தார்கள். மச்சினனைப் பார்க்காமல் மகனைப் பார்த்துக் கேட்டார்.

"என்னடா மாட்டுன?"

சிவபாண்டி சொன்னான். மயக்கம் கொடுக்கிற கேஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டான்.

"மயக்க மருந்தக் கொண்டாந்து எஞ்சினுக்குக் குடுத்தா அது எந்திரிக்குமாடா? படுக்கத்தான செய்யும்? ஓடுற வண்டிய நிப்பாட்டுறதுக்குன்னே ஒருத்தன் கப்பலூர்ல ஷெட்டு போட்டு உக்காந்துருக்கான். அவன்கிட்டப் போயி வேகமாப் போகணும்னு கேட்டுருக்க." பிறகு ஆபீசர் பக்கம் திரும்பினார். "வாங்க சார், கிழக்கு பாத்த மனை ஒன்னு இருக்கு. வர்ற வாரம் மகன் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுக்கிறேன். உங்களுக்குக் கண்டிப்பா வரும். மேலூர்லருந்து தாய்மாமன்லாம் வர்றாரு."

அழகுபாண்டி காரை விட்டு இறங்கவே இல்லை.

அன்று சாயங்காலம் பாண்டியம்மாள் போன் பண்ணினாள். "என்னடா தம்பி, மறுபடியும் நிப்பாட்டிட்டியாம்?"

"ஆமாக்கா."

"எதுனால நின்னுச்சு?"

"தெரியலக்கா."

"தெரியாத வேலைய ஏன்டா தெரியும்னு சொன்ன?"

அவன் போனை அடுத்த காதுக்கு மாற்றினான். "வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கு சாமி கும்புடுவேல்ல, அந்த வண்டிக்கும் சேத்துக் கும்புடு. பத்திரிகைய ரெண்டு நாளு நான் தள்ளிப் பாக்குறேன்" என்று சொல்லிப் பாண்டியம்மாள் போனை வைத்துவிட்டாள்.

அவன் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தான். வால்வு திறந்தது. குழாயில் அடைப்பு இல்லை. ஸ்விட்சைப் போட்டால் ரிலே டக்கென்று பேசியது. எல்லாம் சரியாக இருந்தது, வண்டிதான் ஓடவில்லை. எது கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் ஒருவன் தூங்கலாம். ஒன்றுமே கெடவில்லை என்றால் என்ன செய்வான்?

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா சொன்னபடி காரை ஷெட்டுக்கு வெளியே வெட்டவெளியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தான். மாலை சாத்தினான். ஒரு வாழைப்பழத்தில் ஊதுவத்தியைக் குத்தி எஞ்சின் ஓரமாக வைத்தான். சிவபாண்டியும் வந்திருந்தான். மாமன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சாவியைத் திருப்பி வண்டியை ஒரு தடவை கிளப்புவோம் என்று அவன் உள்ளே உட்கார்ந்தான். திருப்பும்போது முழங்கை பட்டனில் பட்டுவிட்டது. கழற்றி வைத்திருந்த மூக்கின் வழியாக கேஸ் புஸ்ஸென்று வெளியே அடித்தது. நேராக ஊதுவத்தி மேல்.

அழகுபாண்டிக்கு கேஸ் பக்கத்தில் நெருப்பு என்றால் எப்படி இருக்கும் என்று தெரியும். அவன் கும்பிட்ட கையோடு தரையில் விழுந்தான். தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டு, வெடிக்கப்போகிறது என்று காத்திருந்தான். சிவபாண்டி முழங்கையைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டான். ஒன்றும் வெடிக்கவில்லை.

"மாமா."

"ஓடுடா!"

"மாமா, ஊதுவத்தியப் பாருங்க."

அழகுபாண்டி ஒரு கண்ணால் பார்த்தான். ஊதுவத்தி அடிவரைக்கும் எரிந்து தீர்ந்திருந்தது. குச்சிகூட மிச்சமில்லை. வாழைப்பழம் கருகியிருந்தது. ஆனால் சுற்றி எதுவும் பற்றவில்லை.

எழுந்து வேட்டியை உதறிவிட்டு நின்றான். "கேஸு பத்தல. பத்துனது ஊதுவத்திதான்" என்றான். கருகிய வாழைப்பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னான். "மாப்ள, இது எரியுற கேஸ் இல்லடா. பக்கத்துல எரியுறத ஏத்தி விடுற கேஸு. துருத்தி மாதிரி."

"அது நல்லதுதான மாமா?"

"எரியுறதுக்கு எதாவது இருந்தா நல்லது. நான் பெட்ரோல அடச்சுல்ல வச்சிருந்தேன். அடுப்புல வெறகு இல்லாம ஊதுனா என்ன எரியும்?"

ஷெட்டுக்குள் ஓடினான். போர்வை மேல் கிடந்த சிவப்பு வால்வையும் சிவப்புக் குழாயையும் எடுத்து வந்தான். அந்தத் தாளை விரித்து, படத்தை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தான். நீலக் கோடும் சிவப்புக் கோடும் ஒரே மூக்கில் போய்ச் சேர்ந்தன. சிவப்புக் கோடு பெட்ரோல் டேங்கிலிருந்து வந்தது. கேஸ் வரும்போது பெட்ரோலை அடைக்கச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊற்றச் சொல்லியிருந்தார்கள்.

ரிலேயைப் பிடுங்கினான். சிவப்பை மாட்டினான். பித்தளைத் திருகுகளில் இருப்பதிலேயே சின்ன சோடியாகப் பார்த்து, கேஸுக்கு ஒன்றும் பெட்ரோலுக்கு ஒன்றும் வைத்தான்.

பாண்டியம்மாள் புருசனை எப்படி வர வைத்தாள் என்பது சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். சோற்றைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டாளாம். "ஒரே ஒரு தடவ உக்காந்து பாருங்க. வண்டி நின்னுச்சுன்னா, மேலூரானுக்கு மாலைய நானே மாட்டுத்தாவணியில போயி வாங்கியாரேன். நிக்கலைன்னா எந் தம்பிதான் போடணும்." கருப்பு சோற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனை ரோட்டில் கார் நின்றது. கருப்பு வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக முன்சீட்டில் உட்கார்ந்தார். மேலே இருந்த கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பின்சீட்டில் அழகுபாண்டி. பாண்டியம்மாள் வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எப்பச் சொன்னாலும் நிக்கும்ல?" என்று கருப்பு மகனிடம் கேட்டார். கிண்டலாகத்தான்.

சிவபாண்டி கிளப்பினான். இரண்டாவது கியர், மூன்றாவது. பட்டனை அமுக்கினான்.

பிடரியில் யாரோ அடித்தது போல மூன்று தலைகளும் பின்னால் போயின. கருப்பின் துண்டு பறந்து வந்து அழகுபாண்டியின் முகத்தில் விழுந்தது. அதனால் மீதியை அவன் பார்க்கவில்லை, கேட்டான். எஞ்சின் கத்தியது. கருப்பு, "போதும்டா, போதும்டா" என்றார். அக்கா ஏதோ கூப்பிட்டது ஒரு நொடி கேட்டு உடனே பின்னால் போய்விட்டது. பிறகு தார் சத்தம் நின்று மண் சத்தம் வந்தது. அப்புறம் கருவேலஞ்செடிகள் கீறுகிற சத்தம். பிறகு கார் நின்றது.

துண்டை எடுத்துப் பார்த்தான். மனை நிலம் தாண்டி, வற்றிய கண்மாய்க்குள் நின்றுகொண்டிருந்தார்கள். நாலைந்து ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. கருப்பு கைப்பிடியை இன்னும் விடவில்லை. அது கூரையிலிருந்து கழன்று அவர் கையோடு வந்திருந்தது.

பாண்டியம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தாள். "என்னங்க, நின்னுச்சா?" என்றாள்.

"எங்கடி நின்னுச்சு?" என்றார் கருப்பு. "ஒவ்வொரு மனையா எண்ணி வித்துக்கிட்டு இருக்கேன். அம்புட்டு மனையும் கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள போயிருச்சு."

கீழே இறங்கினார். கழன்ற கைப்பிடியை மகனிடம் கொடுத்தார். பிறகு இரண்டு வருசத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அழகுபாண்டியின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "பத்திரிகையில உம் பேர எப்படிப் போடுறது? வெறும் அழகுபாண்டியா, இல்ல உங்க அப்பன் பேரச் சேத்தா?"

"அப்பா பேரச் சேத்தே போடுங்க மச்சான்."

"போடுறேன். ஆனா ஒன்னு சொல்லிப்புடுறேன். கல்யாணத்தன்னைக்கு எந்த வண்டியையும் நீ தொடக் கூடாது. என் வண்டி, பொண்ணு வீட்டு வண்டி, மேளக்காரன் வண்டி, ஒன்னையும் தொடக் கூடாது. நீ தொட்டா ஒன்னு நின்னுருது, இல்ல நிக்க மாட்டேங்குது. எனக்கு நடுவுல ஒன்னு வேணும்."

"சரி மச்சான்."

சிவபாண்டி ரேசுக்குப் போய் நாலாவதாக வந்தான். ஓடினது எத்தனை கார் என்று சொந்தத்தில் யாரும் கேட்கவில்லை.

வைகாசியில் கல்யாணம். அழகுபாண்டி பட்டுச் சட்டை போட்டு, மாலையை மடியில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினான். நாதஸ்வரம் வாசிக்க, சிவபாண்டி கழுத்தில் முதல் மாலையைப் போட்டான். மேலூர்க்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். பாண்டியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எல்லாம் முடிந்து சாப்பாடும் முடிந்து, பொண்ணு மாப்பிள்ளை காரில் ஏறி உட்கார்ந்தார்கள். வாடகைக்குப் பிடித்து அப்போதுதான் வந்து நின்ற புதுக் கார்தான். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்றது, கிளம்பவில்லை.

ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் முதற்கொண்டு எல்லோரும் அழகுபாண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மண்டபத்துச் சீரியல் லைட்டைப் பார்த்தான்.

"என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றார் கருப்பு.

"நீங்கதான தொடக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"தொடாமச் சொல்லு."

"பேட்டரி ஒயரு லூசா இருக்கும் மச்சான். பானெட்டத் தூக்குங்க."

கருப்பு பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"இதா?"

"அதுக்குப் பக்கத்துல."

"இதா?"

"அது இல்ல மச்சான். கைய எடுங்க, சுடும்."